மண்டபம் எழுந்து நின்றது

மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. துர்தகூன் பேச்சை அப்படியே நிறுத்திவிட்டார். பனியாறுகளைப் பற்றி முப்பது வருடமாகப் பேசுகிறார். இப்படி ஒரு மரியாதை இதுவரை கிடைத்ததில்லை.

காலையில்தான் அந்தப் பெண் பெர்மெத் வந்து மூக்கால் அழுதாள். அவர் கிர்கிஸில் பேசப் பேச, வெளிநாட்டுக்காரர்களின் காதுக்கருவியில் இங்கிலீஷில் சொல்பவள் அவள். ஆறு நாளில் நாலு ஊரில் கூட்டம்: ஓஷ், அல்மாத்தி, தாஷ்கந்த், இப்போது பிஷ்கெக். அவள் குரல் தகரம்போல் ஆகியிருந்தது. அவரை 'பைகே', அதாவது அண்ணா, என்றுதான் அழைப்பாள்.

"ரெண்டு பேர் அரை மணிக்கு ஒருத்தர்னு மாத்திக்கிற வேலை பைகே. கூட வந்தவ காய்ச்சல்ல படுத்துட்டா. நடுவுல ஒரு இடைவேளை குடுங்க, தலை சுத்துது."

"அறுபத்திரண்டு வயசுல நான் நின்னுக்கிட்டே பேசறேன். கண்ணாடிக் கூண்டுல உக்காந்து பேசற உனக்கென்ன அலுப்பு? நான் சொன்னாத்தான் இடைவேளை. முடியலைன்னா கிளம்பு, அடுத்த மாசம் அஸ்தானாவுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

பெர்மெத் அவரை நேராகப் பார்த்தாள். "கிளம்பமாட்டேன். நீங்க சொன்னாத்தான் இடைவேளை. சரி பைகே."

அவள் போனபிறகு யாருக்கும் தெரியாமல் மேசைக்கடியில் அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

இப்போது கூட்டத்திலிருந்த ஒரு ஜெர்மன்காரர் காதுக்கருவியைக் கழற்றிவிட்டு, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். ஒரு ஜப்பான் அம்மாவுக்குக் கண்ணே கலங்கியிருந்தது. ஒவ்வொருவராக வெளியே நடந்தார்கள். மனம் நிறைந்து பேச்சற்றுப் போகிறார்கள் என்று துர்தகூன் பூரித்தார்.

முன்வரிசையில் நாலு பேர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாலும் அவருடைய அலுவலக ஆட்கள். காதுக்கருவி தேவைப்படாத கிர்கிஸ்காரர்கள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரே எந்திரிச்சுத் தட்டுது, உங்களுக்குக் கை முடமா?"

"எதுக்குத் தட்டறாங்கன்னே புரியல பைகே. நீங்க பாதி வாக்கியத்துல இருந்தீங்க."

துர்தகூன் வாசலை எட்டிப் பார்த்தார். வெளியே டீ ஆவி பறந்தது. வாய் நிறையப் போர்சோக் பணியாரத்தை அடைத்துக்கொண்டிருந்த ஜெர்மன்காரர், அவரைக் கண்டதும் தனக்குத் தெரிந்த ஒரே கிர்கிஸ் வார்த்தையில் "ரஹ்மத்!" என்று நன்றி சொன்னார்.

கண்ணாடிக் கூண்டின் கதவை அவர் படாரெனத் திறந்தார். பெர்மெத் செருப்பைக் கழற்றி, வீங்கிய பாதங்களைக் காலி நாற்காலியில் நீட்டியிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இடைவேளைனு யாருடி சொன்னது?"

அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நீங்கதான் பைகே. தனியாத் தவிக்கிற எனக்காகக் கைதட்டவும் சொன்னீங்க. இங்கிலீஷ்ல."