ஒரு தலையசைப்புக்காக

"பதினோரு வாரம் ஆச்சு மேடம்! பதினோரு வாரமா எங்க காகிதத்து மேல உக்காந்துட்டிருக்கீங்க!"

தூதர் திபோர் லஸ்கோ மேசையில் அடித்த அடியில் காப்பிக் கோப்பை துள்ளியது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெண்டெல் ஹார்க்னஸின் நெஞ்சும் சேர்ந்து துள்ளியது.

செனட்டர் லொரேன் டகெட் அசையவில்லை. தட்டிலிருந்த 'ஆப்பிள் பை' பலகாரத்தில் ஒரு துண்டை நறுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் உக்காந்தா காகிதம் என்ன, நாற்காலியே கண்ணுக்குத் தெரியாது சார். கொஞ்சம் மெதுவா அடிங்க. இது அரசாங்க மேசை."

வெண்டெல் வாஷிங்டனில் வெளியுறவுத் துறை அதிகாரி. நட்பு நாடுகளுக்கு ஆயுதம் விற்கும் கோப்புகளை நாடாளுமன்றத்தில் கரை சேர்ப்பதுதான் பத்தொன்பது வருடமாக அவருடைய பிழைப்பு. இந்த முறை லஸ்கோவின் நாடான குட்டி தல்மேரியாவுக்கு அறுபது டாங்கிகள். ராணுவம் சரி என்றது. வெள்ளை மாளிகை சரி என்றது. செனட் குழுவின் தலைவியான டகெட் மட்டும் தலையசைக்க மறுத்தார். அவர் தலையசைக்காவிட்டால் கோப்பு ஓர் அங்குலம் நகராது. சட்டத்தில் அப்படி எங்கும் எழுதவில்லை, வழக்கம். அந்தக் கட்டடத்தில் சட்டத்தைவிட வழக்கத்துக்குத்தான் மவுசு.

'இன்னைக்கு அந்தம்மா சம்மதத்தோட வா. இல்லேன்னா பிரஸ்ஸல்ஸ் பதவியை மறந்துடு' என்று மேலதிகாரி காலையில்தான் சொல்லி அனுப்பியிருந்தார். வெண்டெலின் மனைவியோ அதற்குள் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"செனட்டர், உங்களுக்கு என்னதான் சந்தேகம்?" என்றார் வெண்டெல்.

"அவங்க நாட்டுல எத்தனை பாலம் இருக்கு?"

வெண்டெல் கோப்பைப் புரட்டினார். "இருநூத்திப் பத்து."

"இந்த டாங்கி எழுபது டன். அதைத் தாங்குற பாலம் எத்தனை?"

மறுபடி புரட்டினார். பக்கம் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். "பதினாலு."

"ஆக, வண்டியை வாங்கி ஆத்தங்கரையில நிறுத்தி வெச்சு வேடிக்கை பார்க்கப் போறாங்களா?"

"எங்க பாலம் எங்க கவலை!" லஸ்கோ எழுந்தே விட்டார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "எதிரி வரும்போது பாலத்தை எண்ணிட்டா வருவான்? எங்க போன அரசாங்கம் கேட்டது, நீங்க தர்றேன்னீங்க. இப்ப எங்க ஜனங்க உங்களை நம்பி உக்காந்திருக்காங்க. நண்பனை நடத்துற லட்சணமா இது?"

வெண்டெலுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறுபது வயதுக்கு மேல். வாரத்துக்கு ஒரு முறை வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே மறுப்பைக் கேட்டுக்கொண்டு போகிறார். வெண்டெல் தன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"செனட்டர், இந்த டாங்கி உங்க மாநிலத்துலதான் தயாராகுது. நானூறு பேருக்கு வேலை. நவம்பர்ல உங்களுக்குத் தேர்தல் வேற."

முதல் முறையாகச் செனட்டரின் முள்கரண்டி நின்றது.

"என் கொழுந்தனார் அங்கதான் வெல்டிங் பண்றார். ஈஸ்டர் விருந்துக்கு எனக்கு அழைப்பே இல்லை. முப்பது வருஷத்துல இதுதான் முதல் தடவை." முள்கரண்டியைத் தட்டில் வைத்தார். "வேலை வேணும்தான் மிஸ்டர் ஹார்க்னஸ். அதுக்காக ஓடாத வண்டியை நண்பன் தலையில கட்டலாமா? நான் தலையசைக்க மாட்டேன். போய்ட்டு வாங்க."

அவ்வளவுதான். பிரஸ்ஸல்ஸ் வெண்டெலின் கண்ணெதிரே கரைந்து போனது.

வெளியே பளிங்கு நடைபாதையில் லஸ்கோ கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மிஸ்டர் ஹார்க்னஸ், நீங்க லிஃப்ட்கிட்ட நில்லுங்க. நான் மட்டும் உள்ளே போய் ஒரு தடவை கெஞ்சிப் பார்க்கறேன். அதிகாரி முன்னால இறங்கி வர அந்தம்மாவுக்குக் கௌரவம் இடம் கொடுக்காம இருக்கலாம்."

"சரி சார்" என்றார் வெண்டெல்.

லிஃப்ட் இரண்டு முறை வந்து திரும்பிப் போனது. வெண்டெலுக்கு மனது கேட்கவில்லை. ஒரு நாட்டின் தூதர், தன் ஜனங்களுக்காகத் தனியாக அவமானப்பட்டுக்கொண்டிருக்கிறார். தான் இங்கே லிஃப்டுக்குக் காவல் நிற்பதா? பதவி போனால் போகட்டும். அவர் பக்கத்தில் நின்று, தானும் சேர்ந்து கெஞ்சிவிடலாம்.

விறுவிறுவென்று திரும்பி நடந்தார். செனட்டரின் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. தட்டுவதற்குக் கையைத் தூக்கினார்.

உள்ளே செனட்டரின் குரல் கேட்டது: "போன வாரத்தைவிட இன்னைக்கு நல்லாவே கத்துனீங்க சார். ஆப்பிள் பை சாப்பிடுங்க."

"எங்க பிரதமர் உங்களுக்கு ரொம்ப நன்றி சொல்லச் சொன்னார் மேடம்," என்றார் லஸ்கோ, வாய் நிறைய ஆப்பிள் பையோடு. "நாங்களே டாங்கி வேண்டாம்னு சொன்னா உங்க அரசாங்கம் முகத்தைத் தூக்கி வெச்சுக்கும், அதனால நீங்க தயவுசெஞ்சு இன்னும் ரெண்டு மாசம் இதே மாதிரி முடியாது முடியாதுன்னே சொல்லிட்டிருங்க!"