புளி, கல்லுப்பு, மஞ்சள்

வலித்தது வலது மணிக்கட்டு என்றுதான் நினைக்கிறேன். இப்போது இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் தெரியவில்லை.

அவள் என் கையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

சாப்பாட்டு நேரம். பனியன் கம்பெனியில் மிஷின்கள் நின்றிருந்தன. வீட்டில் கொதிக்கவைத்துக் கொண்டுவந்திருந்த பற்றை, அயர்ன் மேசையின் சூட்டில் கிண்ணத்தோடு வைத்து எடுத்து வந்திருந்தாள். புளி, கல்லுப்பு, மஞ்சள்.

துளசிமணி அக்கா. என் பக்கத்து மிஷின்.

நான் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது நாள். கை வலிக்கிறது என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிடுவார்கள். வீட்டில் வேலைக்குப் போவது நான் மட்டும். அவளிடம்தான் சொல்லியிருந்தேன்.

சூடு பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன்.

"ரசத்துக்குக் கரைச்ச புளிதான் கண்ணு. ஆசிட்டா ஊத்தறேன்?"

மூன்று விரல்களால் தடவினாள். மெதுவாக. பிறகு என் ஓவர்கோட்டின் கையை இழுத்து மூடிவிட்டாள்.

மூன்று மணிக்குச் செக்கிங் மேசையில் ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தார்கள். வெள்ளை. பிறந்த குழந்தைக்கானது. நெஞ்சுப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு தீற்றல்.

நான் தைத்து அவளிடம் தள்ளியது. அவள் தைத்து அங்கே தள்ளியது.

பற்று காய்ந்து அரித்தபோது ஓவர்கோட்டின் கையைச் சுருட்டிவிட்டிருந்தேன். சூப்பர்வைசர் எங்கள் வரிசைக்கு வருவதற்குள் இறக்கிவிட்டுக்கொண்டேன்.

இது நன்றாக நினைவிருக்கிறது.

எல்லோரையும் கையை விரிக்கச் சொன்னார். உள்ளங்கைகளை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் கை சுத்தமாக இருந்தது.

அவளுடைய மூன்று விரல்கள் மஞ்சளாக இருந்தன. சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாள். மஞ்சள் அப்படிப் போகாது.

என்ன இது என்று கேட்டார். காலையில் சமைத்தது என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்ததாகத்தான் நினைவு. மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றாள். குனிந்தாள்.

"மூணு நாளைக்குத் தண்ணி பட விட்றாத கண்ணு."

அவ்வளவுதான். நான் அடுத்த சட்டையை எடுத்தேன்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். சூப்பர்வைசர் மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டார். துளசிமணி அக்காவுக்கு வேறு கம்பெனி கிடைக்கவில்லை. ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். போன ஐப்பசியில் இறந்துவிட்டாள். நான் பதினான்கு வருடம் அதே வரிசையில் தைத்தேன்.

நான்காம் நாள் பற்றைக் கழுவினேன்.

வலி இல்லை. பிறகு வரவும் இல்லை.