இன்னும் மங்கலாத்தான் இருக்கு!

“மங்கல்னா மங்கல்தான்யா! நான் என்ன பொய்யா சொல்றேன்?”

கார்க்காரர் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினார். ஹாரன் அலறியது. டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்த எலக்ட்ரீஷியன் திடுக்கிட்டு எழப்போய், நெற்றியை இடித்துக்கொண்டார்.

இது மூன்றாவது தடவை. காரோடு வந்த மீட்டர்கள் போதாதாம் இவருக்கு. ஆயில் பிரஷருக்கு ஒன்று, இன்ஜின் சூட்டுக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று என்று தனியாக மூன்று வட்ட மீட்டர்களை எங்கிருந்தோ வாங்கிவந்து மாட்டச் சொன்னார். மாட்டிய மறுநாளே ‘வெளிச்சம் பத்தலை’ என்று வந்து நின்றார். ஹெட்லைட் போட்டால் மீட்டர் விளக்கு தானாகக் குறையும்படி ஒரு வயர் இருந்தது. எலக்ட்ரீஷியன் அதைப் பிரித்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடி வந்தார். எலக்ட்ரீஷியன் எர்த் வயரைச் சுரண்டி, சுத்தம் செய்து, இறுக்கிக் கொடுத்தார். இதோ, இன்றைக்கும் வந்தாயிற்று!

எலக்ட்ரீஷியனின் செல்போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, மணி மூணாச்சு. அம்மாவை அஞ்சு மணிக்குள்ள ஆஸ்பத்திரியில சேர்த்தாகணும். லேட்டாப் போனா நாளைக்கு ஆபரேஷன் கிடையாதுன்னு கறாராச் சொல்லிட்டாங்க.”

“தெரியும்மா. இங்க ஒருத்தர் என் உயிரை எடுக்கிறார்.”

“மூணு மாசம் காத்துக் கிடந்து வாங்கின தேதிங்க. பெரிய டாக்டரே பண்றாராம். சொதப்பிடாதீங்க. நானும் அம்மாவும் கிளம்பிக் கடைக்கே வந்திடறோம்.”

மாமியாருக்கு ஒன்று என்றால் எலக்ட்ரீஷியனுக்குக் கை கால் ஓடாது. இந்த இடத்துக்கு வருமுன், கடை வைக்க இடமில்லாமல் தவித்த நாளில், தன் வீட்டு முன்னறையைக் காலி செய்து கொடுத்தவர் அவர். இந்த ஆபரேஷன் நல்லபடியாக முடியவேண்டுமே என்று ஒரு வாரமாக எலக்ட்ரீஷியனுக்குச் சரியான தூக்கமில்லை.

இன்ஜினை ஓடவிட்டு, டெஸ்டரை மீட்டர் வயரில் வைத்தார்.

“பாருங்க சார், பதினாலு வோல்ட் முழுசா வருது.”

கார்க்காரர் டெஸ்டரைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிறகு மூக்குக்கு நேராகக் கொண்டுவந்து பார்த்தார்.

“வந்துட்டுப் போகட்டும். பல்பு மட்டம்.”

எலக்ட்ரீஷியன் பின்சீட்டில் போய் உட்கார்ந்தார்.

“இங்கேருந்தே படிக்கிறேன் சார். ஆயில் நாற்பது. சூடு எண்பத்தஞ்சு.”

“நீ தினம் பார்க்கிறவன். உனக்கு மனப்பாடம்.”

“தப்பா நினைக்காதீங்க சார். ஒருவேளை உங்க கண்ணு...”

“யோவ்! வீட்டுலதான் அவ பிடுங்கி எடுக்கிறான்னா, இங்க நீயா? எனக்கா கண்ணு சரியில்லை? எனக்கா?”

கார்க்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. எலக்ட்ரீஷியன் வாயை மூடிக்கொண்டார். இருபது வருடத் தொழில் அனுபவம் அது. ‘பேட்டரியைக் கவனிக்காம விட்டுட்டீங்க’ என்று உண்மையைச் சொன்னால், வந்தவர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். ‘இப்ப வர்ற பேட்டரியே சரியில்லை சார்’ என்றால், அடுத்த தடவை அண்ணன் காரையும் தம்பி காரையும் சேர்த்துக் கொண்டு வருவார். உண்மை பேசி எந்தக் கடை உருப்பட்டிருக்கிறது?

மணி மூன்றரை.

சரக்கு வேனின் பின்பக்கத்துக்கு என்று வாங்கி வைத்திருந்த ஒரு முழ நீள எல்.இ.டி. பட்டையை எடுத்தார். மூன்று மீட்டருக்கும் மேலாக ஒட்டி, வயரை இணைத்து, சுவிட்சைத் தட்டினார். பளீரென்று காருக்குள் கல்யாண மண்டபம் போல வெளிச்சம். எலக்ட்ரீஷியன் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“ஆகா! இதுய்யா வெளிச்சம்!” கார்க்காரர் குழந்தை மாதிரி குதூகலித்தார். “இப்பத்தான் உள்ளே முள்ளு இருக்கிறதே தெரியுது. பல்புதான் கோளாறுன்னு நான் அப்பவே சொன்னேனா, இல்லையா?”

“நீங்க சொன்னதுதான் சரி சார். நான்தான் கவனிக்கலை. மட்டமான பல்பு.”

“எந்த வேலைன்னாலும் கவனம் வேணும்ப்பா. என் வேலையில மயிரிழை பிசகினாலும் நான் விடமாட்டேன்.”

காசைக் கொடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த மழைக்கோட்டைப் பார்த்து, “அப்ப வரட்டுமா?” என்று கையை ஆட்டினார்.

“போயிட்டு வாங்க சார்” என்றார் எலக்ட்ரீஷியன், எதிர்ப்பக்கத்தில் நின்றபடி. விட்டது சனி என்று பெருமூச்சு வந்தது.

கார் பின்னால் நகர்ந்து, அடுக்கி வைத்திருந்த டயர்களைச் சரித்துவிட்டு, தெருவில் இறங்கியது. அதே நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. மனைவியும் மாமியாரும் இறங்கினார்கள். போகிற காரைப் பார்த்ததும் மாமியார் பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார். கார்க்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

“எதுக்கு அத்தை அந்த ஆளுக்குப் போய்க் கும்பிடறீங்க?”

“என்ன மாப்பிள்ளை இப்படிக் கேக்கிறீங்க? எனக்கு எல்லாமே மங்கலாத்தான் தெரியுது. அதுக்காக அவரைக்கூடவா அடையாளம் தெரியாம போயிடும்?”

மனைவி பூரித்துப்போய் எலக்ட்ரீஷியனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்ம கடைக்கு வர்றவர்னு சொல்லவே இல்லையே நீங்க! நாளைக்குக் காலையில அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் பண்ணப்போற பெரிய டாக்டரே அவர்தாங்க!”