ஷீலா ஆன்ட்டி வண்டி பழகுகிறார்

நவம்பர் 12. இன்றும் ஷீலா ஆன்ட்டி வண்டியோடு விழுந்துவிட்டார். பிரேக் பிடிக்க நான்தான் சரியாகச் சொல்லித்தரவில்லை.

எழுதிவிட்டு எழில் டைரியை மூடினாள். சினேகிதி ஜாஸ்மின் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மணலில் சறுக்கிய அந்த ஸ்கூட்டரை ஓட்டியது எழில்; பின்னால் உட்கார்ந்திருந்தவள் ஜாஸ்மின். அதன்பிறகு எழில் எந்த வண்டியையும் தொடவில்லை. மாலை வகுப்புக்கும் நடைதான். ஆனால் ஜாஸ்மினின் அம்மா ஷீலாவே வந்து, "எனக்கு வண்டி கத்துக்குடு" என்று கேட்டபோது மறுக்க முடியவில்லை. கூடவே ஓடி ஓடிச் சொல்லிக்கொடுத்தாள்.

மறுநாளும் செம்பாக்கம் ஏரிக்கரையில் ஷீலா சாய்ந்தார்.

"வாயால சொன்னா மண்டையில ஏறல எழில். ஒருதரம் ஓட்டித்தான் காட்டேன்."

"வேணாம் ஆன்ட்டி."

"அப்ப நான் விழுந்துகிட்டே இருக்கவா? முட்டியப் பாரு."

சிராய்ப்பைப் பார்த்ததும் எழிலுக்குப் பொறுக்கவில்லை. ஏறினாள். வளைவு வரை மெல்லப் போய்த் திரும்பி வந்து நிறுத்தினாள்.

கரையோரம் பூக்கடை வைத்திருக்கும் கங்கம்மா கடையிலிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னா ஷீலாக்கா, பொண்ணுக்கே வண்டி கத்துக்குடுத்தவ நீ! இப்ப இன்னாத்துக்கு டெய்லி விழுந்துகினு கீற?"

எழில் திகைத்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"ஜாஸ்மின் பழகினப்புறம் எனக்கு எங்க வண்டி கிடைச்சுது?" ஷீலா சிரித்தார்.

"அப்புறம் ஏன் விழுந்தீங்க?"

"நீ ஏறணுமே, கண்ணு."

எழில் உடைந்து அழுதாள். ஷீலா அவள் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"நாளைக்கு சாயங்காலம் ஜாஸ்மின் கல்லறைக்குப் போகணும். நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்."