கவுன்சிலரைத் தூக்கிட்டாங்க!

ஏஞ்சலுக்குப் பள்ளி நாடகத்தில் அழுகிற வேஷம். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலாந்து எம்.பி. ஒருவரை, ஓட்டுப் போட விடாமல் ராஜாவின் ஆட்கள் தூக்கிப் போகிறார்கள். மனைவி கதற வேண்டும்.

கண்ணாடி முன்னால் கதறிப் பார்த்தவள், அடுப்படியில் அம்மா ஆரோக்கியமேரி போனில் கிசுகிசுப்பதைக் கேட்டு நின்றாள்.

"கவுன்சிலரா? டீக்கடைலதான் கீறாரு. தனியாத்தான். சாயங்காலம் வரைக்கும் உட்ராதீங்க. சுகர் கீது அவருக்கு, வேளைக்குச் சோறு போட்டுடுங்க."

அப்பா ராஜமாணிக்கம் தினமும் உட்காருவது அந்த டீக்கடையில்தான். காலியான ஒன்றியத் தலைவர் நாற்காலிக்கு இன்று தேர்தல். கவுன்சிலர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். ஒரே ஓட்டில் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்க்கோஷ்டி வெளியூர் ஆட்களை இறக்கியிருப்பதாகக் கும்மிடிப்பூண்டி முழுக்கப் பேச்சு.

மொட்டைமாடிக்கு ஓடி, சிப்காட்டில் ஷிப்டில் இருந்த அண்ணன் ஸ்டீபனைப் போனில் பிடித்தாள்.

"அண்ணே, அம்மாவே அப்பாவப் புடிச்சிக் குடுக்குது!"

"லூசு மாரி பேசாத. டிராமா டிராமான்னு மூள கொழம்பிப்போச்சி உனக்கு."

அதற்குள் தெருவில் சத்தம். டீக்கடை சின்னதுரை செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"யக்கா! வெள்ள வண்டில நாலு பேரு. 'யாருய்யா இங்க கவுன்சிலரு?'ன்னானுங்க. 'நான்தான், இன்னா இப்ப?'ன்னு அண்ணன் காலரத் தூக்கி உட்டாரு. அப்டியே அள்ளிப் போட்டுகினு பூட்டானுங்க!"

ஏஞ்சல் நிஜமாகவே கதறினாள். ஆரோக்கியமேரியோ பட்டுப்புடவை மடிப்பை நீவிக்கொண்டே வந்தாள்.

"அப்பாவக் கொன்னுடுவாங்கம்மா!"

"பிரியாணி போட்டுக் கொன்னாத்தான் உண்டு. கண்ணத் தொடச்சிக்க. ஆட்டோ புடி."

யூனியன் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர் மறித்தார்.

"கவுன்சிலரத்தான் தூக்கிட்டாங்களாமே! நீ இன்னாத்துக்கும்மா வந்த? கம்ப்ளெய்ன்ட்டுன்னா ஸ்டேஷனுக்குப் போ."

"ஓட்டுப் போட வந்தேன் சார். இன்னிக்காவது நான் நெனச்ச ஆளுக்கு."

ஆரோக்கியமேரி கைப்பையைத் திறந்து அடையாள அட்டையை நீட்டினாள்.

பெண்களுக்கு ஒதுக்கிய அந்த வார்டில் நின்று ஜெயித்தவள் அவள். ஜெயித்த நாள் முதல் 'கவுன்சிலர்' என்று ஊருக்குள் திரிந்தது மட்டும்தான் ராஜமாணிக்கம்.