மஞ்சள் கோயிலின் படிகளில்

"அந்தப் படத்தை இன்னொருக்கால் விடுங்கோ, அண்ணை."

பிளோறன்ஸ் இதை ஐந்தாவது முறையாகக் கேட்டாள். செல்வராசா கமராவின் பொத்தானை அழுத்தினார். தொலைக்காட்சித் திரையில் மெக்சிகோவின் குவானஹுவாட்டோ நகரம் மறுபடி வந்தது. மலைச்சரிவில் சிவப்பும் நீலமுமாக வீடுகள். நடுவே, ஸ்பானியர் காலத்துப் பெரிய மஞ்சள் தேவாலயம்.

வெளியே டோர்ட்மண்டின் மழை.

ஜேர்மன் பாஸ்போர்ட் கிடைத்தபின் அவரும் மனைவி சிவமலரும் போன முதல் பெரிய பயணம் அது. ஜேர்மன்காரர் இருபது பேருடன், ஒரே பஸ்ஸில். திரும்பி வந்த நாளிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படம் காட்டினார். ரோல்ஸைத் தின்றுவிட்டு, பத்தாவது படத்தில் மணிக்கூட்டைப் பார்ப்பார்கள்.

மேல்மாடிப் பிளோறன்ஸ் மட்டும் திரைக்கு ஒரு முழம் தள்ளி, நிலத்தில் உட்கார்ந்திருந்தாள்.

வேதக்காரி, கிறிஸ்தவப் பிள்ளை, கோயிலைக் கண்டு உருகுகிறாள் என்று நினைத்தார். உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளிச் சுரங்கங்கள், பூமிக்கடியில் ஓடும் தெருக்கள், எதிரெதிர் மாடங்களில் நின்று முத்தமிடக்கூடிய ஒடுங்கிய சந்து என்று வழிகாட்டி சொன்னதையெல்லாம் ஒப்புவித்தார்.

"கோயிலை விடுங்கோ அண்ணை. நான் ஆக்களைப் பாக்கிறன்."

அவளுடைய தமையன் அல்பேர்ட் ஏஜென்சிக்காரனை நம்பிக் கனடாவுக்குப் புறப்பட்டவன் என்பது செல்வராசாவுக்குத் தெரியும். ஏழு மாதமாகத் தொடர்பில்லை என்பதும் தெரியும். கடைசியாக மெக்சிகோவிலிருந்து தொலைபேசி எடுத்தபோது, பெரிய மஞ்சள் கோயில் இருக்கிற ஊரில் தங்களை வைத்திருப்பதாக அவன் சொன்னதை இப்போதுதான் சொன்னாள்.

செல்வராசாவின் விரல் பொத்தானில் நின்றது.

சோளம் விற்பவன், சப்பாத்துத் துடைப்பவன், மர வாங்கில் முதுகு காட்டி உட்கார்ந்திருப்பவன். ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரையும் காணேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை."

அவர் கொஞ்சம் அவசரமாகச் சொல்லிவிட்டார். அதே அவசரத்தில் விரல் அடுத்த படத்துக்குப் போய்விட்டது.

மற்றப் படங்களில் அவர் இருந்தால் சிவமலர் இல்லை, சிவமலர் இருந்தால் அவர் இல்லை. இது ஒன்றில்தான் இருவரும் மஞ்சள் கோயிலின் படிகளில் சேர்ந்து நின்றார்கள்.

"என்ன அக்கா, இதிலை ரெண்டு பேரும் பேயைக் கண்ட மாதிரி நிக்கிறியள்?" பிளோறன்ஸ் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். பிறகு, சும்மா கேட்பதுபோல், "ஆர் எடுத்தது?" என்றாள்.

சிவமலர் குடித்து முடியாத தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள்.

"அங்கத்தைய ஒராள்," என்றார் செல்வராசா.

பிளோறன்ஸ் தலையாட்டினாள். முன்னால் சாய்ந்து, இருவருக்கும் பின்னால் நின்ற முகங்களைத் தேடத் தொடங்கினாள்.

அவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படியில் குந்தியிருந்த ஒரு மெலிந்த மனிதனிடம் கமராவைச் சைகையால் நீட்டியது அவர்தான். அவன் கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். படம் எடுத்து முடிந்ததும் செல்வராசா "டாங்க" என்று ஜேர்மனில் நன்றி சொல்லி, கமராவைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, காத்திருந்த கூட்டத்தோடு சேர்ந்துகொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. எட்டு வருடம் அகதி முகாமில் கிடந்தவருக்கு அவனுடைய அடுத்த வாக்கியம் என்னவாக இருக்கும் என்று தெரியும்.

முதல் வாக்கியத்தை அவன் கமராவை உயர்த்தியபோதே சொல்லியிருந்தான்.

"கொஞ்சம் சிரியுங்கோ, அக்கா."