தாடை

செருப்பைக் கடித்ததற்காகத் தேவசகாயம் அடித்த மறுநாளிலிருந்து நாய் டிப்பு சோற்றைத் தொடவில்லை. தட்டின் முன் வந்து உட்காரும், முகரும், வாயைத் திறக்காமலே எழுந்து போய்விடும். "திமிரு. அடிச்சதுக்கு ரோஷம் காட்டுது" என்றான் அவன். மனைவி ரோஸ்லின் தடுக்கத் தடுக்க, நாயை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு பற்களுக்குள் கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினான். வாய் திறக்கவில்லை. பல் ஒன்று உடைந்து தரையில் விழுந்தது. கத்தவும் முடியாமல் நாய் மூக்கால் முனகியது.

அவள்தான் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். கால்நடை மருத்துவர் அதன் நெற்றியோரத்தைத் தடவிப் பார்த்தார். சதை கல்லாக வீங்கியிருந்தது. "ரோஷமெல்லாம் இல்லம்மா. தாடையை அசைக்கிற இந்தத் தசையில அழற்சி. உடம்போட எதிர்ப்புச் சக்தி தன் சதையையே தாக்குது. திறக்க நெனச்சாலும் அதால முடியாது."

வீட்டில் வந்து சொன்னாள். "எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று தேவசகாயம் டிவியின் சத்தத்தைக் கூட்டினான்.

மாத்திரையைப் பொடித்துக் கஞ்சியில் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் கடைவாயோரம் புகட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில் வாய் விரலளவு திறந்து நாக்கு வெளியே வந்தது. "டிப்பு!" என்று கை நீட்டினாள். நாய் அவளைத் தாண்டிப் போய், காபி குடித்துக்கொண்டிருந்த தேவசகாயத்தின் கையை நக்கியது.

"பாத்தியா? அதுக்கே மனசுல ஒண்ணும் இல்ல. நீதான் இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க."

ரோஸ்லின் மீதிக் கஞ்சியைத் தொட்டியில் கொட்டினாள். டிப்பு வாலாட்டிக்கொண்டு அவளிடம் வந்தது. அதைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை.